தாய்லாந்து மசாஜும் பதினோரு ஓகேயும்

கடந்த பத்து நாட்களில் என்னை வலது பக்கம் நின்று கூப்பிட்ட நண்பர்கள் மன்னிக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்காதது திமிரால் அல்ல. கழுத்து திரும்பவில்லை. இடது பக்கம் நின்று கூப்பிட்டவர்களை வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். உடனே திரும்பி, பல்லைக் காட்டியிருப்பேன்.

காரணம் — தாய்லாந்து மசாஜ்.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், இருபது வருட சர்வீஸ் முடித்தவர்களுக்கு இந்த வருடம் மசாஜ் கூப்பன் கொடுத்தார்கள். முன்பெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். கடிகாரம் வாங்கியதால் யாருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

தினமும் எங்கள் தங்க வயலின் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூர் போய், திரும்பி வந்து, முதுகு பலகையாகிப் போன ஆள் நான். கூப்பனைப் பார்த்ததும் சபலம் தட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். மதியம் 2.30க்கு வரச் சொன்னார்கள். 2.19க்குப் போய்ச் சேர்ந்தேன்.

நிமிடம் வரை எப்படித் தெரியும் என்கிறீர்களா? டைரி. இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன், ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எழுந்த நேரம், ரயில் எத்தனை நிமிடம் லேட், சாம்பாரில் உப்பு குறைந்ததா — எல்லாம் இருக்கும். வலது மேல் மூலையில் ஒரு டிக் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரை போட்டுவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி. அந்த டிக்கைப் பார்த்தால் அச்சடித்தது என்பீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைத்தது. சொல்கிறேன்.

மசாஜ் கடையில் முதலில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பன்னிரண்டு கேள்விகள். கழுத்தில், முதுகில் தேய்மானம் உண்டா? ரத்த அழுத்தம் உண்டா? தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.

என் நிலவரம் என்ன? கழுத்து எலும்பு தேய்ந்து இரண்டு வருடம் ஆகிறது. "சலூன்ல தலையைப் புடிச்சித் திருப்பினாகூட வேணான்னு சொல்லிடுங்க" என்று எங்கள் ஊர் டாக்டர் அன்றே எச்சரித்திருக்கிறார். அந்த வாக்கியத்தை டைரியில் எழுதி, சிவப்பு மையில் கோடும் போட்டு வைத்திருக்கிறேன். மாத்திரை கதைதான் உங்களுக்கே தெரியும்.

ஆனால் பன்னிரண்டு கேள்விக்கும் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒரே நேர்க்கோடு. கீழே கையெழுத்து.

ஏன்?

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். தங்க வயலில் உடம்பைப் பற்றிய கேள்விக்கு ஒரே பதில்தான். 'ஃபிட்.' சுரங்கம் ஓடிய காலத்தில், என் அப்பா உட்பட எல்லோருக்கும் கம்பெனியில் மெடிக்கல் நடக்கும். மூச்சு வாங்குதா? ஃபிட் சார். முட்டியில் வலி? ஃபிட் சார். பேர் என்ன? — அதற்கும் ஒருவர் "ஃபிட் சார்" என்றாராம். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் பூமிக்கு அடியில் இறங்க விடமாட்டார்கள். மேலே ஏதாவது லேசான வேலை கொடுப்பார்கள். அப்புறம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அப்பா மெடிக்கல் நாளில் இருமலை அடக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டு, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் மொத்தமாக இருமித் தீர்ப்பார்.

சுரங்கத்தை மூடி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தப் பதிலை மட்டும் யாரும் மூடவில்லை. நான் சுரங்கத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை... ஆனாலும் பேனாவைக் கொடுத்தால் கை தானாக ஃபிட் என்கிறது.

உள்ளே எண்ணெய், வெந்நீர் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தொளதொளவென்று ஒரு பைஜாமா, தரையில் ஒரு மெத்தை, அவ்வளவுதான். மசாஜ் செய்ய வந்த பெண்ணின் பெயர் ரோஸி. வடகிழக்குப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் பல வருடமாக இருப்பவள். அவள் கன்னடம் என் கன்னடத்தைவிடச் சுத்தம். என் தோள் உயரம்கூட இல்லை. இந்தப் பெண் என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஐந்தாவது நிமிடம் அவள் முழங்கால் என் தொடையில் இருந்தது. பத்தாவது நிமிடம் முழங்கை தோள்பட்டையில். அப்புறம் முதுகின் மேலேயே ஏறிவிட்டாள். என்னை மடித்தாள். நீட்டினாள். துவைத்த போர்வையை இரண்டு பேர் பிழிவார்களே... அதை ஒற்றை ஆளாகச் செய்தாள்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். "நோவு இதியா சார்?"

நோவு என்றால் கன்னடத்திலும் நோவுதான், எங்கள் ஊர்த் தமிழிலும் நோவுதான். மொழி புரியவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. நான் சொன்னது: "ஓகே." பற்களைக் கடித்துக்கொண்டு, "ஓகே." கண்ணில் நீர் கோத்தபோதும், "ஓகே." அவள் பதினோரு தடவை கேட்டாள். நான் பதினோரு ஓகே சொன்னேன். வாடிக்கையாளருக்கு அழுத்தம் போதவில்லை போலும் என்று, ஒவ்வொரு ஓகேக்கும் அவள் ஒரு படி ஏற்றினாள். பாவம், வேறென்ன நினைப்பாள்?

பதினோராவது ஓகே கழுத்துக்கு. தலையை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு திருப்பு.

'டக்.'

மாலை ரயிலில் ஏழுமலை எதிரே உட்கார்ந்திருந்தான். பதினேழு வருடமாக அதே எதிர் சீட்.

"இன்னாபா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நேராவே பாத்துனு கீற?"

"மசாஜ்."

"இன்னாது?"

"தாய்லாந்து மசாஜ்."

"அடப்பாவி. பாஸ்போர்ட் எப்ப எடுத்த?"

பெட்டியே சிரித்தது. அவன் விடவில்லை.

"மேல ஏறி மெரிச்சாங்களா?"

"ஏறினாங்க."

"எத்தினி பேரு?"

"ஒருத்தர்தான்பா."

"ஒருத்தருக்கே இப்டியா!"

பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர், "அந்தாண்ட திருப்பனத இந்தாண்ட ஒரு வாட்டி திருப்பிவுட்டா சரியாப் பூடும்" என்று சொன்னதோடு நிற்காமல் கையையும் நீட்டினார். நான் எழுந்து ஜன்னலோரம் போய்விட்டேன். இந்த நாட்டில் கழுத்து பிடித்தவனுக்கு முதல் ஆபத்து மசாஜ் கடையில் இல்லை. அனுதாபப்படுகிறவர்களிடம் இருக்கிறது.

"சொம்மா வுடாத," என்றான் ஏழுமலை. "எழுது. நீதான் எழுதறவனாச்சே."

எழுதினேன். பங்காருப்பேட்டை வருவதற்குள் போனிலேயே புகார் தயார், மசாஜ் கடைக்கு அனுப்பியும் விட்டேன். ஒன்பது பாயின்ட். ஒன்பதும் சுத்தமான உண்மை. முழங்கால் வைத்தது உண்மை, மேலே ஏறியது உண்மை, 'டக்' உண்மை. பன்னிரண்டு டிக் மட்டும் அதில் இல்லை. பதினோரு ஓகேயும் இல்லை.

வீட்டில் மனைவி சுகுணாவிடம், "ரயில்ல தூங்கினேன், பிடிச்சிக்கிச்சு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை என் டைரியைப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டில் என் டைரி பொதுச் சொத்து.

"இன்னாங்க, எழுத்து குடிச்சிட்டு வந்தா மாதிரி கீது?"

அப்படித்தான் இருந்தது. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மூலையில் இருக்க வேண்டிய டிக், யாரோ கோழி கிளறியதுபோல் இருந்தது. முதல் தடவையாகப் பயம் வந்தது. "ஒண்ணும் இல்ல" என்றேன்.

திங்கட்கிழமை காலை 7.40க்கு காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. 10.15க்கு மசாஜ் கடை மேனேஜர் போன் செய்தார்.

"எங்க பக்கம்தான் தப்பு சார். உங்க ஃபாரத்த எடுத்துப் பாத்தோம். பன்னெண்டு டிக்கும் ஒரே சைஸ், ஒரே சாய்வு. எந்தக் கஸ்டமரும் இப்படி டிக் போட மாட்டாங்க சார். உங்ககிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிட்டு, ஃபாரத்துக்குப் பொறுப்பான ரோஸியே உக்காந்து போட்டிருக்கா. கேட்டா, இல்ல, சார்தான் போட்டார்னு சாதிக்கிறா. இப்ப அவள வேலைக்கு வர வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கோம். புதன்கிழமை முடிவு பண்ணி அனுப்பிடுவோம். நீங்க டாக்டர் ரிப்போர்ட் மட்டும் அனுப்புங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "சரி" என்று சொல்லி போனை வைத்தேன்.

அன்று மாலை எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் அதே டாக்டரிடம் சுகுணா என்னை இழுத்துப் போனாள். எனக்கு நோக்கம் ரிப்போர்ட். டாக்டர் கேட்டார்: "கை மரத்துப் போகுதா? பிடி தளருதா? தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். ஃபிட்டாதான்..."

சுகுணா கைப்பையிலிருந்து டைரியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் நிதானமாகப் படித்தார். வெள்ளி, 2.19. ஃபாரம். பன்னிரண்டு டிக். பதினோரு ஓகே. ஆம், டைரியில் எல்லாம் இருந்தது — புகாரில் விட்டது, மனைவியிடம் மறைத்தது, எல்லாம். ஞாயிறு, விரல் மரத்தது. திங்கள், டம்ளர்.

"இவ்ளோ உண்மை பேசற டைரி இருக்கு," என்றார் டாக்டர். "இத மட்டும் அனுப்பியிருக்கலாமே. நீங்க எதுக்குக் கூட வந்தீங்க?"

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். கழுத்தைச் சடக்கென்று திருப்புவது யார் செய்தாலும் வேண்டாம் என்றார். திருப்பிய பிறகு கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மூன்று நாள் உட்கார்ந்து டைரி எழுதக் கூடாது என்றார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். நரம்பு நசுங்கியிருந்தது, ரத்தக் குழாய் தப்பியிருந்தது. கழுத்துக்குப் பட்டை, பிசியோதெரபி, விரல்களில் உணர்வு திரும்பும்வரை பொறுமை.

ஆட்டோவில் ஏறியதும் சுகுணா டைரியை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"மசாஜ் பண்ணது பொம்பளையா?"

"ஆமா."

"அத்த வுடுங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை பூடுமா?"

"புதன்கிழமை முடிவு பண்றாங்களாம்."

"உங்க டிக்கு அழகா கீது. அது அவ குத்தமா?"

அவள் மடியிலிருந்து டைரியை எடுத்து என் பையில் வைத்தேன்.

புதன்கிழமை கழுத்துப் பட்டையோடு ரயில் ஏறினேன். மசாஜ் கடைக்குப் போய் மேனேஜரிடம் நேராகச் சொன்னேன்: "அந்த டிக் நான் போட்டது. எல்லாமே பொய்."

அவர் நம்பவில்லை.

"புரியுது சார். பொம்பளப் புள்ளன்னு பாவம் பாக்கறீங்க."

"இல்லைங்க. நான்தான் போட்டேன்."

ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினார். "சரி, ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

போட்டேன். கோணல். இன்னொன்று போட்டேன். அது முதலாவதுக்குத் தம்பி. மேனேஜர் அந்தத் தாளை ஃபாரத்துக்குப் பக்கத்தில் வைத்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். யோசித்துப் பாருங்கள்... வாழ்க்கையில் அபூர்வமாக ஓர் உண்மையைச் சொல்ல வந்தால், அதை நிரூபிக்கும் விரல்கள் வேலை நிறுத்தத்தில் இருக்கின்றன!

பையைத் திறந்து டைரியை எடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமையின் பக்கம், மாத்திரை டிக் காலையிலேயே போட்டது. அதற்கு முந்தைய வியாழன், புதன், செவ்வாய். ஒவ்வொன்றின் மூலையிலும் டிக். அவர் ஃபாரத்தை அந்தப் பக்கத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அதே அளவு, அதே சாய்வு.

"இந்த டிக் எதுக்கு சார், தினமும்?"

"ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டதுக்கு."

ஃபாரத்தில், 'தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே, 'இல்லை' கட்டத்தில், அதே டிக் அழகாக உட்கார்ந்திருந்தது. மேனேஜர் டைரியைப் பார்த்தார். ஃபாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழுத்துப் பட்டை திரும்ப விடாததால் நான் வேறு எங்கும் பார்க்க வழியில்லை.

புகாரை எழுத்து மூலம் திரும்பப் பெற்றேன். கழுத்தைத் திருப்பும் வேலையை மட்டும் இனி யாருக்கும் செய்ய வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன், நான் பொய் சொன்னதால் அதிலுள்ள ஆபத்து இல்லாமல் போய்விடாது. மேனேஜர் என் எதிரிலேயே ரோஸிக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். ரோஸி நாளை வரை காத்திருக்கவில்லை. தங்கியிருக்கும் இடம் பக்கத்துத் தெருதானாம், அரை மணியில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் என் கழுத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நோவு இதியா சார்?"

வாய் பழக்கதோஷத்தில் 'ஓ' வரை போய்விட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"நோவுதும்மா," என்றேன். "ரொம்ப நோவுது."

பதினோரு தடவை கேட்டவளுக்குப் பன்னிரண்டாவது தடவை பதில் கிடைத்தது. ஊருக்குத் திரும்பும் ரயிலில், அன்றைய பக்கத்தில் அதைக் குறித்து, பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

கோணலாகத்தான் வந்தது.