நான்கு நிமிடச் சுற்று

பாய்லர்காரரை இன்றைக்குப் பார்ப்பவர்களிடம், இந்த மனிதர் இருபத்திரண்டு வருடம் கால்பந்து ஆடியவர் என்று சொன்னால் சிரிப்பார்கள். வயிறு முன்னே போகும், அவர் பின்னே வருவார். ஆனால் பழைய சலவைக்கூடத்தின் பின்வாசலைத் தாண்டும்போது மட்டும் அவர் நடை தானாகத் தளர்ந்துவிடும். அந்த முற்றத்தில் இப்போது வேன்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "இங்கதான் ஆடுவோம்" என்று கூட வருபவரிடம் ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்.

அது பெரிய சலவைக்கூடம். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்து, பிழிந்து, சூடான உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டு, மடித்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் நீராவி கொடுப்பது அவருடைய பாய்லர். நாள் முழுக்க ஒரு சின்ன அறையில், இரைச்சலுக்கு நடுவே, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பார். அங்கே அவரிடம் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது.

அதனால்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பெரிது. கூடத்துக்கென்று ஓர் அணி இருந்தது. பேருந்துப் பணிமனைக்காரர்கள், அச்சகத்துக்காரர்கள், தபால்காரர்கள் என்று வாரம் ஓர் அணியோடு ஆட்டம். இவர் இடது பக்கத் தடுப்பு. "பாய்லர், விடாதீங்க!" என்று பத்துப் பேர் கத்துவார்கள். மைதானத்து ஓரத்தில் மனைவி தண்ணீர்க் குப்பியோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவர் தள்ளினார்.

பெரிய மைதானத்தில் நாற்பத்து நான்கு வயதுக்காரன் மூளையை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே போய் நின்றுகொண்டால் போதும். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அடுத்தவனைத் திட்டலாம். வினை வந்தது பயிற்சியில்.

பயிற்சியாளன் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. கூடத்து வேன் ஓட்டுபவன். செவ்வாயும் வியாழனும் மாலையில், பாய்லர் அடுத்த ஷிஃப்டு ஆளின் கைக்குப் போன பிறகு, பின்முற்றத்தில் நாலுக்கு நாலு ஆட்டம் வைத்தான். கிழிந்த விரிப்புகளை முடிச்சுப் போட்டு எல்லை கட்டினார்கள். துணித் தள்ளுவண்டி இரண்டைச் சாய்த்துப் போட்டால் கோல். கோல்கீப்பர் கிடையாது. எந்திரங்களுக்குப் பக்கத்தில் கடிகாரம் கட்டக்கூடாது என்பதால் யார் கையிலும் கடிகாரம் இல்லை. நேரம் சொன்னது பிழியும் எந்திரம். முற்றத்து ஜன்னலுக்கு உள்ளே அது இருந்தது. ஓட்டிவிட்டால் நான்கு நிமிடம் சுற்றும், பிறகு மணி அடிக்கும். அதுவரை ஒரு சுற்று ஆட்டம். துணியை எடுத்து அடுத்த துணியைப் போடும்வரை ஓய்வு. மாலை வேளையில் அந்த எந்திரத்தை ஓட்டியது பாய்லர்காரரின் மனைவிதான்.

ஆறு சுற்று. வியாழக்கிழமை ஆறையும் ஆடி முடிக்காதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இடமில்லை என்று மைத்துனன் கறாராகச் சொல்லிவிட்டான்.

அந்தச் சின்ன முற்றத்தில் மூளை செல்லுபடியாகவில்லை. நாலு அடி ஓடு, நில், திரும்பு, மறுபடி ஓடு. ஓடுவதைவிட அந்தச் சட்டென்று நிற்பதுதான் தொடையைக் கொன்றது. மறுநாள் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். எப்படியோ சமாளித்து வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார்.

"எட்டுப் பேரு முட்டிக்கிட்டு நிக்கிறோம் மாப்ள. மூணுக்கு மூணு வை. கூட்டம் குறைஞ்சா மூச்சு விட இடம் கெடைக்கும்."

"அட, நல்ல யோசனை மாமா!" என்றான் அவன். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னபோதே இவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆள் குறைந்தால் வேலையும் குறையும் என்று எந்த ஊரில் யார் சொன்னார்களோ! நாலு பேரில் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம், மூன்று பேரில் எங்கே ஒளிவது? பந்து போன இடமெல்லாம் இவரும் போக வேண்டியிருந்தது. நான்காவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவதில் சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தார்.

"மதியம் சாப்ட்டது ஒத்துக்கல."

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "இந்த வாரம் விடறேன் மாமா. அடுத்த வியாழக்கிழமையும் இப்டின்னா வேற ஆளைத்தான் போடணும். அக்கா புருஷன்னு நான் கண்டுக்காம விட்டா பசங்க என்னைக் கிழிச்சிருவாங்க."

அன்று வீட்டில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமையும் போச்சுன்னா எனக்குன்னு என்னடி இருக்கு?" என்று கேட்டார். மனைவி இன்னும் கொஞ்சம் தைலம் ஊற்றித் தேய்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை அதிசயம் நடந்தது. மூச்சு முட்டி, இனி முடியாது என்று நினைக்கும்போதெல்லாம் சரியாக மணி அடித்தது. ஆறு சுற்றையும் முடித்தார்! அதற்கடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். பதினோரு வாரம்! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னப் பசங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "ஒடம்பு நாம சொல்றதைக் கேக்கும்டா, பழக்கணும்." அந்தப் பதினோரு ஞாயிறும் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, பணிமனைக்காரர்களே வந்து கை கொடுத்தார்கள்.

பன்னிரண்டாவது வியாழக்கிழமை காலையில் உருளைக்காரர் சண்டைக்கு வந்தார். அவர்தான் பிழிந்த விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டுக் காயவைப்பவர்.

"யோவ் பாய்லர், வியாழக்கெழம சாயங்காலம் மட்டும் ஒன் பாய்லருக்கு என்னய்யா கேடு? நீராவியே பத்தல. துணி ரெண்டு தடவ விட்டாலும் காய மாட்டேங்குது. ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு!"

தன்னைத் திட்டியிருந்தால் பாய்லர்காரர் பொறுத்திருப்பார். பாய்லரையா சொல்வது? விடுவிடுவென்று போய்ப் பதிவேட்டைப் பிரித்தார். எல்லா வியாழக்கிழமைகளிலும் அழுத்தம் கம்பி மாதிரி நேராக இருந்தது. நீராவி சரி. அப்படியானால் துணிதான் ஈரமாக வந்திருக்க வேண்டும். அதுவும் வியாழக்கிழமை மாலையில் மட்டும்.

அன்று மாலை ஆட்டத்தில் முதல் சுற்று முடிந்ததும், தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனார். பிழியும் எந்திரத்திலிருந்து எடுத்த விரிப்பு ஒன்றைக் கையில் பிடித்து முறுக்கினார். தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து நேரம் வைக்கும் திருகைப் பார்த்தார். முள் மூன்றில் நின்றது.

மனைவி திரும்பி நின்று துணி அடுக்குவதுபோல் பாவனை செய்தார்.

"எப்பலேருந்து?"

"வாந்தி எடுத்தீங்கள்ல, அதுக்கு அடுத்த வாரத்துலேருந்து." பிறகு மெதுவாக, "செவ்வாக்கெழம நாலுதான் வப்பேன். அன்னிக்குப் பாதியில நின்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அவருக்கு முகம் எரிந்தது. பசங்களுக்கு எடுத்த பாடமெல்லாம் ஞாபகம் வந்து கூசியது. கோபமும் வந்தது, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"நாலுல வை."

"வேணாங்க."

"வைன்னு சொல்றேன்ல."

மனைவி திருகைத் திருப்பினார்.

ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் பல்லைக் கடித்தார். மூன்றாவதில் கால் தன்னுடையதாகவே இல்லை. மூட்டை ஏற்றுகிற இளைஞன் ஒருவன் பந்தோடு வந்தான். இவர் திரும்புவதற்குள் தாண்டிப்போய், கோலையும் போட்டுவிட்டு, திரும்பியும் வந்துவிட்டான். நான்காவது சுற்றில் மணி அடிப்பதற்கு முன்பே எல்லைத் துணியைத் தாண்டி வெளியே வந்தார். இருபத்திரண்டு வருடத்தில், இனி ஆடுவதில்லை என்று முடிவெடுத்து அவர் வெளியே வந்தது அதுதான் முதல் முறை.

"முட்டி போச்சு மாப்ள" என்றார். "ஞாயித்துக்கெழமைக்கு ஆளைப் பாரு. இந்த வாரத்துக்கு மட்டும் இல்ல."

மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவர் அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். முட்டி போனது என்றுதான் இன்றுவரை எல்லோருக்கும் தெரியும். பின்வாசலில் நின்று கதை சொல்லும்போதும் திருகு விஷயத்தை மட்டும் அவர் சொல்வதில்லை.

உள்ளே மனைவி எந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்று அழுதுகொண்டிருந்தார்.

"ஏமாத்திட்டேன்னு நெனைக்கிறீங்களா?"

மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஈர விரிப்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்தார்.

"ரெண்டரை மாசம் முன்னாடியே முடிஞ்சு போயிருக்க வேண்டியவன்டி நான்" என்றார். "பதினோரு ஞாயித்துக்கெழம ஆடிட்டேன். அவ்வளவும் நீ குடுத்தது. வேற யாரு குடுப்பா?"

மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே மைத்துனன் அவர் இடத்துக்கு ஒருவனை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்துக் கை காட்டினான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எந்திரத்தின் பக்கம் திரும்பினார். "இரு" என்று அவர் எழுந்தார். பிழிந்ததை எடுத்து, அடுத்த துணியைப் போட்டு, மூடியை இறுக்கி, முள் நான்கில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐந்தாவது சுற்றுக்கான பொத்தானை அவரே அழுத்தினார்.