ஆடிட்டுக்கு வந்த குதிரை

நான் முதன்முதலாகப் பாடம் நடத்தியது என் அம்மாவுக்குத்தான். ஒரு வாரம் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையன்று எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கிவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. மெஷினில் தைக்கிறவருக்குத் துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை நூல் வெட்டி அடுக்குவதும் அவள் வேலை. தம்பிக்கு இரண்டு வயது. அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பகல் ஷிப்ட் வரும் வாரங்களில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால் இன்றைக்கும் எனக்கு நாக்கு குளறும். அந்த வாரங்களில்தான் எட்டும் ஒன்பதும் நடந்திருக்க வேண்டும்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிக்கும் நாளுக்கு ஆடிட் என்று பெயர். அதற்கு ஒரு வாரம் முன்பு வேலை செய்பவர்களுக்கெல்லாம் ஒரு தாள் கொடுத்தார்கள். கேள்வியும் பதிலுமாக அச்சடித்த தாள். வருகிறவர் என்ன கேட்டாலும் அதில் உள்ளபடியே சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ஆகவே நான் டீச்சரானேன். அடிஸ்கேல் ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு என்ன பெயர்? மிகைநேரம். அதற்கு எத்தனை மடங்கு கூலி? இரண்டு மடங்கு. குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பேறுகால விடுப்பு என்று வாயில் நுழையாத வார்த்தைகளையெல்லாம் அம்மா சோறு வடித்துக்கொண்டே ஒப்பித்தாள். ஒன்பதாவது கேள்வியில் மட்டும் நின்றுவிட்டாள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டுமா? ஆம், அது சட்டம். நம் கம்பெனியில் இருக்கிறதா? தினமும் இருக்கிறது.

"ஏட்டி, இது நெசமாவே சட்டமா, இல்ல இவங்களா எழுதினதா?"

"சட்டம்னுதான் போட்டிருக்கு."

"திரும்ப வாசி."

மூன்று முறை வாசித்தேன். அவள் விரலை மடக்கி யார் யார் பெயரையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாடத்தில் கவனம் இல்லை என்று ஸ்கேலால் தரையில் ஓங்கித் தட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, தாளில் உள்ளதைச் சொல்லிவிட்டு வா, நீயாக எதையாவது பேசினால் வேலை போய்விடும் என்றார். அம்மா அடுத்த விரலை மடக்கினாள்.

ஆடிட் அன்று பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுவரில் முயல் படம் ஒட்டி, பாய் விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு சிவப்புக் குதிரை, ஏறி ஆடும் பிளாஸ்டிக் குதிரை. மறுநாள் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் அதன் வாலில் கட்டியிருந்த விலைச்சீட்டைப் பிய்க்கக் கூடாது என்று உத்தரவு. தம்பி அதில் ஏறியவன் இறங்கவே இல்லை. காப்பகத்துக்கு என் வயது அதிகம். மேனேஜர் குனிந்து, "கண்ணு, ஆராச்சும் கேட்டா அஞ்சு வயசுன்னு சொல்லோணும், செரியா சாமி?" என்றார். நான் பொறுப்பாக முழங்காலை மடக்கிக் குட்டையாக நின்றேன்.

ஆடிட்டுக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நன்றாகத் தமிழ் பேசினார். மேனேஜரோடு அந்த அறைக்கு வந்தவர், குதிரை மேலிருப்பவன் யார் பிள்ளை என்று கேட்டு என் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தக் காப்பகம் தினமும் இருக்காம்மா?"

ஒன்பதாவது கேள்வி! நான் உதட்டை அசைத்துப் பதிலை எடுத்துக் கொடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், மடங்கியிருந்த என் முழங்காலைப் பார்த்தாள்.

"இன்னைக்கு இருக்கு."

"நேத்து?"

"நேத்து இங்க அட்டப்பெட்டி இருந்திச்சு. முப்பது பொம்பளைக்கு மேல இருந்தா காப்பகம் வைக்கணும்னு சட்டம். எங்க தையல் லைன்ல மட்டும் பொம்பளைங்க நாப்பத்தோரு பேரு இருக்கோம். இவளுக்கு ஒம்பது வயசு, தம்பியத் தூக்கிக்கிட்டு வீட்டுல கெடக்கா. எழுதிக்கிடுங்க." என் பக்கம் திரும்பி, "நிமிந்து நில்லுட்டி" என்றாள்.

கண்ணாடி போட்ட அம்மா போன பிறகு மேனேஜர் வந்தார். வேலையை விட்டு நிறுத்துவதைக்கூட அவர் மரியாதை குறையாமல்தான் சொன்னார். "ஏனுங்க அக்கா, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

"முன்னறிவிப்பு இல்லாம நிறுத்தக் கூடாதுன்னு பதிமூணாவது கேள்வில இருக்கு. தாளு குடுத்தது நீங்கதான சார்? நிறுத்துறதா இருந்தா எழுதிக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் கேட்டைத் திறக்கவும் இல்லை. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் கேட்டருகே நின்று, ஒன்றாம் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை உரக்க ஒப்பித்தாள். உள்ளே போகிற பெண்கள் நடையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டே போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பரீட்சை முடிந்த பிறகு ஒப்பித்து என்ன பிரயோஜனம்?

அவளைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் ஆடிட்டுக்கு மறுபடி ஆட்கள் வருவார்கள் என்று பயந்து அந்த அறையை நிஜமாகவே காப்பகமாக்கிவிட்டார்கள். குதிரை கடைக்குப் போகவில்லை. அதில் வேறு யார் யார் பிள்ளைகளோ ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் அழுதேன். "ஒரே ஒரு கேள்வில கோட்டை விட்டுட்டியேம்மா" என்றேன். "நீ சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூட நான் மறக்கலட்டி" என்றாள். தாளின் பின்பக்கத்தில் அவளுக்குச் சிவப்புப் பென்சிலால் பெரிய முட்டை போட்டேன்.

அடுத்த மாதம் பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். நானும் தம்பியும் கூடப் போயிருந்தோம். என்ன வேலை தெரியும் என்று கேட்டவரிடம், "கைமடி. இங்க பிள்ளைங்களுக்குக் காப்பகம் இருக்கா? தினமும் இருக்கா?" என்றாள் அம்மா.

பாவம், தப்பாகச் சொன்ன கேள்வியை இன்னும் மறக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.