நான் வெட்டிய நாற்பது விநாடி

1. கைதட்டல்

படம் முடிந்ததும் ஹாலில் பலத்த கைதட்டல். ஒன்பதாம் வகுப்பு சுகன்யா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். குன்னூரில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் இருபத்திரண்டு வருஷம் நியூஸ் எடிட்டராக இருந்தவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சேனல் வேலையை விட்ட பிறகு, கோத்தகிரி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் வீடியோ வகுப்பு எடுக்கிறேன். போனில் படம் பிடிப்பது, பேட்டி எடுப்பது, எடிட் செய்வது, வாட்ஸப்பில் வருவதில் எது நிஜம் எது புரளி என்று பார்ப்பது, இவ்வளவும் பாடம். புரளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். அதை நானே தயாரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆண்டு விழாவுக்கு மூன்று நிமிடப் படம் கேட்டார் ஹெட்மாஸ்டர். என் மாணவி மகேஸ்வரி, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் தன் அம்மா ராசாத்தியைத் தோட்டத்திலேயே பேட்டி எடுத்து வந்தாள். மைக்கில் கைக்குட்டையைச் சுற்றி, பிரேம் ஆடாமல், பிரமாதமாக எடுத்திருந்தாள். நேரம் குறைவு என்று எடிட்டிங்குக்கு நானே உட்கார்ந்தேன்.

"எங்க சூப்பர்வைசர் கத்துனா காது கிழிஞ்சுருமுங்க. காலைல இருந்து கத்திட்டேதான் இருப்பாரு" என்று ராசாத்தி சொன்ன இடத்தில் வெட்டினேன். டிவியில் ‘பைட்’ என்போமே, அப்படி நறுக்கென்று ஒரு பேச்சுத் துண்டு.

"மிஸ், அம்மா அதுக்கப்புறமும் பேசுனாங்க" என்றாள் மகேஸ்வரி.

"அங்க காத்து இரைச்சல் ஜாஸ்தி கண்ணு. மூணு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்."

அவள் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த சூப்பர்வைசர் சுகன்யாவின் அப்பா என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

2. சத்தம் நின்ற எஸ்டேட்

விழா முடிவதற்குள் படம் பெற்றோர் குரூப்பில் ஏறி, எஸ்டேட் முழுக்கச் சுற்றிவிட்டது. சுகன்யா பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் ராசாத்தி அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நான் சொன்னதுல மீதி எங்கீங்க?"

"என்னங்க ஆச்சு?"

"மூணு நாளா சூப்பர்வைசர் வாயே தொறக்கறதில்லீங்க. நேத்து காட்டெருமை பக்கத்துல வந்து நின்னுருச்சு. குனிஞ்சு கொழுந்து எடுக்கறவளுக்கு அது எங்கீங்க தெரியும்? எப்பவும் மேல நின்னு கத்துவாரு, நாங்க ஓடுவோம். நேத்து கத்தாம, சரிவுல ஓடி வந்து என் கூடையப் புடிச்சு இழுத்தாரு. அவரும் சேந்து மாட்டியிருப்பாருங்க. மறுபடியும் கத்தச் சொல்லுங்க டீச்சர்!"

அவர் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மகேஸ்வரி எடுத்த, வெட்டாத ரா ஃபுட்டேஜைப் போட்டேன். காற்று இரைச்சலுக்கு அடியில் ராசாத்தி சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தச் சத்தம் இல்லீன்னா நான் இன்னைக்கு உசுரோட இல்லீங்க. எங்களுக்கு அவரு கொரல்தான் காவல்." மொத்தம் நாற்பது விநாடி. எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்று வெறும் சாக்கு. சேனலில் திட்டு ஓடும், நன்றி ஓடாது. அந்தப் பழக்கத்தில் கை வெட்டிவிட்டது.

3. சுகன்யா செய்த எடிட்

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சுகன்யா வீட்டுக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அப்பா நாற்காலி போட்டார்.

"நான் கத்தறவன்தானுங்க மேடம். நீங்க என்ன பொய்யா போட்டீங்க?" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"பாதியத்தான் போட்டேனுங்க. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க."

நாற்பது விநாடியையும் சுகன்யா ஹெட்போனில் கேட்டாள். பிறகு அதைக் கழற்றி அப்பாவின் காதில் வைத்தாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"மிஸ், இத நான் எடிட் பண்றேன்" என்றாள் சுகன்யா.

"காத்து சத்தத்தக் குறைச்சுக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம் மிஸ். அங்க அப்படித்தான் அடிக்கும். அதையும் தாண்டித்தான் எங்கப்பா கத்தணும்."

மகேஸ்வரியும் அவளும் சேர்ந்து புதுப் படத்தை முடித்தார்கள். முன்பு வெட்டப்பட்ட பகுதி எது, வெட்டியது யார் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் போட்டார்கள். என் பெயரை நானே டைப் செய்தேன். பழைய படம் போன குரூப்புகளுக்கெல்லாம் அதையும் அனுப்பினோம்.

அடுத்த வகுப்பு நாளில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சரிவிலிருந்து கேட்டது: "ஏய் ராசாத்தி! மேல ஏறு! மேல ஏறுங்கறேன்ல!"

எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த சுகன்யா திரும்பினாள். "எங்கப்பா மிஸ்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் நான் கெடுத்த அந்த மூன்று நிமிடப் படத்தைத்தான் போடுகிறேன். "அப்புறம் என்ன சொன்னாங்க மிஸ்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.