சாதாவும் திருத்தியதும்

பச்சை மூடி போட்ட மாஜரின் டப்பாவைக் கடையில் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அக்காவின் கணவர், என் அத்தான், தன் கையால் செய்த துப்பாக்கித் தோட்டாக்களை அதற்குள்தான் போட்டு வைப்பார். சுவிஸில் வேட்டை பழகியவர். லண்டன் எட்மண்டனுக்கு வந்ததும் இங்கேயும் லைசென்ஸ் எடுத்துவிட்டார். பொலிஸ் சொன்னபடி பூட்டிய இரும்புப் பெட்டகம், உள்ளே அக்கா கழுவிக் காயவைத்த டப்பாக்கள். ஒழுங்கான பெட்டி வாங்குங்கோ என்றால், "நல்ல டப்பாவை எறியச் சொல்லுறியோ?" என்பார்.

அவரிடம் மான் சுடும் துப்பாக்கிகள் இரண்டு. குழல் அளவு ஒன்றுதான். பழையது சாதாத் தோட்டாவுக்கு. புதியது 'திருத்திய' தோட்டாவுக்கு. அந்தத் தோட்டாவின் பித்தளைக் கோது சற்று அகலம், குண்டுக்குக் கீழே அதன் தோள் நிமிர்ந்தது. வெடிமருந்து கொஞ்சம் கூடப் பிடிக்கும், குண்டு கொஞ்சம் வேகமாகப் போகும். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லியே வருடக்கணக்காக என் உயிரை எடுத்தார். "மானுக்கு இந்த வித்தியாசம் தெரியுமோ அத்தான்?" என்று கேட்பேன். "உனக்கு விளங்காது, விடு" என்பார்.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய வருடம் ஸ்கொட்லாந்துக்குப் போனோம். இனித் துப்பாக்கி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்வதற்கு முன் ஒரேயொரு கொம்பன் மான், அவ்வளவுதான் அவர் கேட்டது. பாரம் குறைவென்று பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்தார். மூன்று மணி நேரம் ஈரத்தில் தவழ்ந்தபின் கொம்பன் எதிரே வந்து நின்றது. தோட்டாவைப் போட்டார். துப்பாக்கியின் போல்ட் பூட்டு மூடவில்லை. இன்னொன்று போட்டார், அதுவும் அப்படியே. வீட்டில் டப்பாக்களின் மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறார்; பெயர் எழுதியிருந்ததோ மூடியில் மட்டும்! சாதாத் தோட்டா திருத்தியதன் துப்பாக்கிக்குள் போகும். திருத்திய தோட்டா சாதாத் துப்பாக்கிக்குள் போகாது. இதை எனக்கு நூறு தரம் சொன்னதே இந்த மனுசன்தான்.

வழிகாட்டியாக வந்த வெள்ளைக்காரர் தன் துப்பாக்கியை நீட்டினார். உள்ளே கடையில் வாங்கிய சாதாத் தோட்டா. அத்தான் தலையாட்டி மறுத்தார்.

"நான் செய்யாத தோட்டாவால சுடமாட்டன்."

"விசரோ உங்களுக்கு? வாங்கிச் சுடுங்கோ!" என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன். மான் எங்களுக்காகக் காத்துநின்ற மாதிரி நின்றுவிட்டுப் போய்விட்டது. லண்டன் வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த மாதமே துப்பாக்கிகளைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார்.

போன கிழமை, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தவரைச் சீண்டிப் பார்க்கலாம் என்று, "இப்ப சொல்லுங்கோ அத்தான், எது திறம்?" என்றேன்.

"சாதாவே காணும் தம்பி, அது போதும். நீ சொன்னதுதான் சரி."

இத்தனை வருடமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரோடு மல்லுக்கட்டினேன். கேட்டதும் பொறுக்க முடியவில்லை.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? திருத்தினதுதான் திறம்! எவ்வளவு வேகமாப் போகும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!" என்று கத்தினேன்.