ரயில்காரர்களிடம் பொம்மை ரயில் விற்ற கதை

பொம்மை ரயில் விற்கப்போகிறவர்கள், ரயில்காரர்கள் குடியிருக்காத ஊராகப் பார்த்துக் கடை போடவேண்டும். கடை நடத்தி நொந்துபோன உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சலை யாரிடமாவது கொட்டியாக வேண்டுமே.

எழுபதுகளில், பாலக்காட்டில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, நடத்திய ஃபேன்சி கடையில் ஒரு மேசையைக் கெஞ்சி வாங்கி, மின்சார ரயில் ஒன்றைத் தண்டவாளத்தோடு ஓடவிட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். அத்தாவுக்கு அது கிடையாது. "கல்பாத்தித் தேர்த் திருவிழா வரைக்கும் பாப்பேன். வித்தா மேசை ஒனக்கு. இல்லேன்னா குடையை அடுக்கிருவேன்" என்றுவிட்டார்.

சிவப்பு விளக்கு

ராமநாதய்யர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. கல்பாத்தியிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்து மேசைமுன் நிற்பார். முதல் நாளே, கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு இல்லை என்று கையை நீட்டி வண்டியை நிறுத்திவிட்டார். வாங்கப்போகிறவர்தானே குறை சொல்வார் என்று நம்பி, சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். "வாங்கிக்கிறீங்களா சாமி?" என்றேன். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"வாங்கறது இருக்கட்டும், ராவுத்தரே. வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டாக்கும். முதல்லே அதை விடும்!"

பரிசோதகர்

ஒரு டிக்கெட் பரிசோதகர் மூன்று தடவை வந்து என் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நாலாவது தடவை அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே அதே வண்டி, கோயம்புத்தூரில் வாங்கியது. ஓடவில்லை, ரிப்பேர் செய்து தரவேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தும் கொடுத்தேன். நம்ம ஊர்க் கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டேன்.

"கோயம்புத்தூருக்கு டெய்லி டூட்டியிலேயே போயிண்டிருக்கேன். உம்ம கடைக்கு வரணும்னா டவுன் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணுமே!"

ரயில்காரர் அல்லாத ஒருவர்

கடைசியில் அப்படியும் ஒருவர் வந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி. மகளுக்கு வேண்டுமாம். ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டியதில் என் தொண்டை வற்றிப்போயிற்று.

"ஏனுங்க பாய், அப்ப இருந்து பாக்கறேனுங்க. சுத்திச்சுத்தி இங்கயேதான் வருது. எங்கயும் போவாதுங்களா?"

நிவேதனம்

தேருக்கு முதல் நாள் அத்தா குடைக்கட்டோடு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராமநாதய்யர் தலைமையில் பத்துப் பதினைந்து பேர் படியேறினார்கள். பரிசோதகரும் உண்டு. எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் நிவேதனம் என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேசையை எடுக்கக்கூடாது என்று இப்போது ஒன்று. கீழே முப்பத்தாறு கையெழுத்து. கூடவே, நிற்கமுடியவில்லை, ஒரு பெஞ்சும் போடவேண்டும் என்று. நமக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தா நிதானமாகப் படித்தார். "முப்பத்தாறு பேர்ல ஒருத்தர் வாங்கினாலே போதுமே சாமி" என்றார். ஐயர் திடுக்கிட்டுப்போனார்.

"வாங்கிண்டு போயிட்டா, அப்புறம் நாங்க இங்கே வந்து எதைப் பாக்கறது?"

அன்று மாலையே குடைகள் மேசையேறின. அந்த முப்பத்தாறு பேரும் அதன்பிறகும் மழைக்கு எங்கள் கடையில்தான் ஒதுங்கினார்கள், ஒருவரும் குடை வாங்கவில்லை.