பெயர் வைக்காத பெட்டி

அன்று காலை நான் முதலில் செய்தது, எங்கள் ராஜபாளையம் பயிற்சி நிலையத்தின் ஆறு கணிப்பொறிகளுக்கும் போட்டிருந்த துணி உறைகளைக் கழற்றியதுதான். கடைசி உறையை மடிக்கும்போது தொலைபேசி அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மும்தாஜின் தம்பி. "அக்கா மௌத்தாயிட்டாக. மத்தியானம் அடக்கம்."

மூன்று ஆண்டுகள் மும்தாஜோடு சேர்ந்து இங்கே பாடம் நடத்தினேன். அவரை அறிந்த உங்களுக்கு, இந்த இரங்கல் குறிப்பில் நான் வெறும் புகழ்ச்சி எழுதினால் சிரிப்புதான் வரும்.

சென்ற ஆண்டு, தொண்ணூற்றெட்டில், பைத்தான் வகுப்பு தொடங்கினோம். பேண்டேஜ் துணிக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் இணையப் பக்கம் ஒன்றை மாணவிகள் செய்ய வேண்டும். பக்கத்தின் பெட்டிகளில் நிரப்புவதை, ஒவ்வொரு பெட்டிக்கும் வைத்த பெயரைக் கொண்டு பைத்தான் நிரல் வாங்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்தை எதில் செய்வது என்பதில்தான் சண்டை. மவுஸால் இழுத்துப் போட்டு அமைக்கும் மென்பொருள்தான் புதியவர்களுக்கு எளிது என்றேன். மும்தாஜ் ஆறு மவுஸையும் கழற்றித் தன் அலமாரியில் பூட்டினார்.

"மொத பக்கத்த நோட்பேடுல கையால அடிக்கட்டும்க்கா. பொறவு எதுல வேணும்னாலும் இழுத்துப் போடட்டும்."

"பயந்து ஓடிருவாளுக."

"எங்க ஓடுவாளுக, வன்னியம்பட்டி வரைக்குமா? அடுத்த பஸ்ல திரும்பி வந்துருவாளுக."

பிறகு மும்தாஜ் நோய்க்குச் சிகிச்சை பெற மதுரை போனபோது அலமாரிச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். நான் மவுஸ்களை வெளியே எடுத்தேன். பத்தே நாளில் ஆறு பக்கங்கள், பூ ஓரம், கலர் பட்டன். நிலைய உரிமையாளர் மகிழ்ந்துபோய் அதில் ஒன்றைப் புது வகுப்பு நோட்டீஸிலும் அச்சடித்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

பாதியாக இளைத்துத் திரும்பிய மும்தாஜ் மேசை மேலிருந்த மவுஸ்களைப் பார்த்தார். மாணவி செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏட்டி, பேருக்குக் கீழ ஊரையும் சேரு, பாப்பம்."

செல்வி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, பட்டனை அமுக்கினாள். நிரலுக்குப் பெயர் போனது, ஊர் போகவில்லை.

"பெட்டி இருக்கே டீச்சர், ஏன் போகல?"

"அதுக்கு நீ என்ன பேரு வச்ச?"

அவள் என்னைப் பார்த்தாள். மென்பொருள் தானாக எழுதியிருந்த நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் அந்தப் பெட்டியின் பெயரை அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. மும்தாஜ் பையை எடுத்துக்கொண்டார். "பாக்க அழகாத்தான் இருக்குக்கா. நாம செய்யல, அம்புட்டுதான்."

திங்கட்கிழமை பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அப்புறம் வரவே இல்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. நான் திணறுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் தோற்றதாகச் சொல்வதைக் கேட்க ஒரு நாள் இருந்திருக்கலாம்.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பவை செல்வியிடம் கேட்ட அந்தக் கேள்வியும், திருப்பிக் கொடுக்காத சாவியும்தான். நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது. உரிமையாளருக்குத் தெரியாது, செல்விக்கும் தெரியாது: வரும் திங்கட்கிழமை மாணவிகள் வருவதற்குள் ஆறு மவுஸையும் பூட்டிவிடுவேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்குவோம், என்னையும் சேர்த்து.