நான் யாரு, சொல்லு பாப்போம்

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், காலையானால் என் பெயரை நானே சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். "குட்டன் மோர்கன், ஃபிராவ் பிராண்ட். நான் ரெஜினா, உங்களைக் குளிப்பாட்ட வந்திருக்கிறேன்." நேற்று குளிப்பாட்டியதும் இதே ரெஜினாதான், நாளைக்கும் அவள்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். வந்து நிற்பவள் யாரென்று அவர்களைத் தேடவிடக் கூடாது என்பது இங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சென்னைப் பட்டினப்பாக்கத்தில் பிறந்தவளுக்கு இது சட்டென்று வருமா? நம் ஊரில் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள், நாம் "நாந்தான்" என்போம், கதவு திறந்துவிடும். இங்கே வந்த புதிதில் கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டு வாசலில் மணியடித்துவிட்டு அப்படித்தான் சொன்னேன். "எந்த நான்?" என்று கேட்டது சுவரிலிருந்த ஸ்பீக்கர். மூக்கு விறைக்கும் குளிரில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது?

அம்மா அந்த ஒற்றை வார்த்தையை வைத்தே எங்களை வளர்த்தாள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்களில் வீடு வீடாக நிற்பாள். "நாந்தாம்மா" என்றால் போதும், சட்டியோடு வந்துவிடுவார்கள். எந்த வீட்டுக்கு வஞ்சிரம், எந்த வீட்டுக்குச் சங்கரா, எந்த வீட்டம்மா மீன் தலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வேலைக்காரப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள் என்பதெல்லாம் அத்துப்படி. வாயோ கேட்கவே வேண்டாம். அம்மாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்த முறை லீவில் போனபோது அந்த அம்மா பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஹவுசிங் போர்டு படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறாளாம். மறதி நோய்தான் என்று மயிலாப்பூர் டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். என் தம்பி சேவியர் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைக்காரன். டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. "மீன் வெலய மட்டும் கரெக்டா சொல்லுதுக்கா. சும்மா ஆக்ட் வுடுது" என்றான். அவன் மனைவி ஸ்டெல்லாதான் கதவைத் தட்டித் தட்டி, கெஞ்சிக் கெஞ்சி அம்மாவை வெளியே கொண்டுவருகிறவள். முன்பெல்லாம் சாயங்காலமானால் அம்மா கீழே படிக்கட்டடியில் பெண்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். இப்போது கீழே இறங்குவதே இல்லை. தெருத்தெருவாக மனிதர்களைப் பார்த்தே பிழைத்தவள் மனிதர்களுக்குப் பயந்து ஒளிகிறாள். லீவு முடிவதற்குள் அவளை ஒருமுறையாவது அந்தப் படிக்கட்டடியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்றார்கள். ஒருவர் பாக்கியில்லை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, நம் ஊரில் பிரியம் வந்தால் பரீட்சை வைத்துத்தான் பார்ப்போம். அம்மாவும் லேசுப்பட்டவளா? "இத்தினி நாளா எட்டிப் பாக்கல, இப்ப வந்து கேள்வி கேக்குறியா?" என்று திருப்பிப் போடுவாள். அவர்கள் சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் நல்லாத்தான் கீது" என்று போய்விடுவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அம்மா முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாருடி அது?" என்று ஸ்டெல்லாவைக் கேட்பாள். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது பாடம் எடுத்தேன். ஞாபகத்தில் புதிதாகச் சேர்ந்தது முதலில் கழன்றுவிடும், காலகாலமாகக் கைக்கும் வாய்க்கும் பழகியது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் விலை வருகிறது, முகம் வரவில்லை என்றேன். தெரியாததை மறைக்கத்தான் அம்மா வாயடிக்கிறாள் என்றும் சொன்னேன். சேவியர் முள்ளை எடுத்துக்கொண்டே, "வெள்ளக்காரனுக்குப் பாக்குற வைத்தியத்த இங்க கொண்டாராதக்கா" என்றான்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் கையில் பழப்பையோடு வாசலில் வந்து நின்றாள். காசிமேட்டிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தவள். அம்மாவோ செருப்புச் சத்தத்துக்கே பாத்ரூமுக்குள் போய்விட்டாள். வந்தவள் நேரே போய்ச் சேவியரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, என்னத் தெரியுதா?"

சேவியர் எழுந்து நின்றான். "உங்களத் தெரியாம இன்னா? அப்டியே கீறீங்க."

"அப்ப யாருன்னு சொல்லு பாப்போம்."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் நான் குழம்பில் மும்முரமாக இருந்தேன். அவன் ஸ்டெல்லாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில், "இத்தினி நாளா எட்டிப் பாக்கல, இப்ப வந்து கேள்வி கேக்குறீங்களே" என்றான்.

ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், எனக்குப் புரையேறிவிட்டது. வந்தவள் சிரிக்கவில்லை. "உன் ஞானஸ்நானத்துல உன்னத் தூக்கிக்கினு நின்னவடா நான். உன் ஞானத்தாய்" என்றாள். அப்புறம் சோறு போட்டுச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவள் போனபிறகு சேவியர் லுங்கி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "வேத்து ஊத்திடுச்சுக்கா. அம்மாவுக்கு தெனம் இப்டித்தான் கீதா?" என்றான். நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே அவன் பிளாக் முழுக்க ஏறி இறங்கினான். வந்தால் பெயரைச் சொல்ல வேண்டும், உறவைச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. "போலீஸ் ஸ்டேஷன்ல சொல்ற மாரி கீதே" என்று முனகியவர்களும் உண்டு, வெட்கப்பட்டு வாசலோடு திரும்பியவர்களும் உண்டு. கீழ்வீட்டுத் தேசம்மா அக்கா அம்மாவோடு சேர்ந்து கூடை தூக்கியவர். அவர் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார். "நான் தேசம்மா வந்துக்கினு கீறேன். கீழ்வீட்டு தேசம்மா. உன்கூட கூட தூக்குன தேசம்மா."

"காது நல்லாத்தான் கேக்குது, ஏண்டி கத்துற? உக்காரு தேசம்மா" என்றாள் அம்மா.

நோய் குறைந்ததா என்றால் இல்லை, குறையவும் போவதில்லை. ஆனால் பெயரை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டதால் அதைப் பிடித்துக்கொண்டு அம்மாவால் பேச முடிந்தது, கேலி பண்ண முடிந்தது. பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் குறைந்தது. நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அம்மா தேசம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, படிக்கட்டடியில் உட்கார்ந்து, வழியில் போன ஒருவன் கையிலிருந்த மீனைப் பார்த்து, "உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க நைனா" என்றாள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்த விதி எனக்கும்தான். காலையில் காபியோடு போய், "அம்மா, நான் ரெஜினா, உன் பொண்ணு" என்பேன். "அப்டியா, உக்காரு கண்ணு" என்பாள், விருந்தாளிக்குச் சொல்வதுபோல. ஃபிராவ் பிராண்டிடம் சுலபமாக வரும் வாக்கியத்தைப் பெற்றவளிடம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும். ஒரே ஒரு தடவை, நானும் அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டுவிடலாமா என்றிருந்தது. கேட்கவில்லை.

கிளம்பும் அன்று பெட்டியைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குக் கண்ணு?" என்றாள்.

"ஜெர்மனிக்கும்மா."

"அய்ய, எம் பொண்ணு அங்கதான் கீறா. ரெஜினான்னு பேரு." உடனே ஸ்டெல்லாவை விரட்டி நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் கட்ட வைத்தாள். "அவகிட்ட குடுத்துடு. வழியில நீ துன்னுடாத."

சேவியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். "குடுத்துர்றேம்மா" என்றேன்.

இங்கே வந்து அதை வறுத்தபோது மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து ஏதாவது கருகுகிறதா என்று கேட்டார். என் அம்மா அவள் மகளுக்குக் கொடுத்தனுப்பியது என்றேன். என் ஜெர்மன் தப்போ என்னவோ, மனுஷர் விழித்துவிட்டுப் போனார். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா திரைக்கு ரொம்பக் கிட்டே வந்தாள்.

"கருவாட்ட உன் பொண்ணுகிட்ட குடுத்துட்டேம்மா."

"துன்னாளா?"

"துன்னாம்மா."

"நல்லா கீறாளா?"

"நல்லா கீறா."

"எப்ப வராளாம்?"

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.